நாற்பது சாட்சிகள்

நாற்பது பேர் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டில் ஏறி, ஒரே செய்தியை முரணின்றிச் சொல்வார்களாயின், நாற்பத்தொன்றாம் சாட்சியை அழைக்க எந்த நடுவரும் முனையமாட்டார். உலக வழக்கில் இது நியாயமே. ஆயினும், நாற்பது சாட்சிகளும் மெய்யே உரைத்த பின்னரும் வழக்குத் தோற்றுப்போன ஒரு மன்றம் உண்டு. அது எண்களின் மன்றம். அம்மன்றத்தின் வரலாற்றில் நம் சென்னை மாநகருக்கும், இம்மாநகரில் நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஒருவருக்கும் பங்கு உண்டு. ஆதலின், கணிதம் பயின்றோர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் பயன்படும் என்ற நம்பிக்கையோடு அதனை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

வாசகர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்வார்களாக. ஒரு முழு எண்ணை எழுதி, அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும், பின்னர் 41ஐயும் கூட்ட வேண்டும். பூச்சியத்தில் தொடங்கினால் விடை 41. ஒன்றுக்கு 43, இரண்டுக்கு 47, மூன்றுக்கு 53, நான்குக்கு 61, ஐந்துக்கு 71. இவை யாவும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. மேலும் செல்வோம். பத்துக்கு 151, இருபதுக்கு 461, முப்பதுக்கு 971, முப்பத்தொன்பதுக்கு 1601. இடையில் ஒன்றுகூடத் தவறவில்லை. நாற்பது முறை கணக்கிட்டோம். நாற்பது முறையும் பகா எண்ணே கிடைத்தது.

இனி நாற்பதை இட்டுப் பார்ப்போம். 1600, 40, 41 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 1681. இது 41ஐ 41ஆல் பெருக்கினால் வருவது. பகா எண் அன்று. நாற்பத்தொன்றாம் சாட்சி வழக்கைக் கவிழ்த்துவிட்டது.

பார்வை இழந்தவர் கண்ட வரிசை

இவ்வரிசையைப் போன்றதொன்றை உலகுக்கு அறிவித்தவர் லெயோனார்டு ஆய்லர். 1772ஆம் ஆண்டு, ருஷ்யத் தலைநகரில், கண்பார்வையை ஏறத்தாழ முற்றும் இழந்திருந்த நிலையில், பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவருக்கு எழுதிய மடலில் அவர் இதைக் குறித்தார். நாற்பத்தொன்றாம் இடத்தில் வரும் சறுக்கலில் அவர் ஏமாந்தாரல்லர். எந்த எண்ணை இட்டாலும் பகா எண்ணையே தரும் இத்தகைய கோவை இருக்கவே முடியாது என்பதை அவருடைய நண்பர் கோல்டுபாக் 1752ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்.

கோல்டுபாக்கின் காரணம் பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. நம் கோவையில் 41ஐ இட்டுப் பாருங்கள். 41இன் வர்க்கம் 41ஆல் வகுபடும். அதனோடு கூட்டும் 41ம் வகுபடும். இறுதியில் நிற்கும் 41ம் வகுபடும். எனவே கூட்டுத்தொகையும் வகுபட்டே தீரும். 82ஐ இட்டாலும், 123ஐ இட்டாலும் இதே கதைதான். தோல்வி அந்தக் கோவைக்குள்ளேயே வித்தாகக் கிடந்தது. நாற்பது வெற்றிகளின் ஒளியில் அது நம் கண்ணுக்குப் புலனாகவில்லை.

ஆயினும் வியப்பு அடங்கவில்லை. ஏன் 41? இதே முறையில் 2, 3, 5, 11, 17 ஆகிய எண்களை இட்டாலும், ஒவ்வொன்றும் தன்னால் இயன்ற அளவு நெடுந்தொலைவு தவறாமல் செல்கின்றது. 17 பதினாறு பகா எண்களை வரிசையாகத் தரும். 11 பத்தைத் தரும். ஆனால் 7 அவ்வாறு செய்யாது, 13ம் செய்யாது. இந்த ஆறு எண்களை மட்டும் தேர்ந்தெடுத்த விதி யாது? 41க்கு அப்பால் ஏழாவது ஒன்று உண்டா?

1912: இரு நகரங்கள்

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் பணியில் சேர்ந்தார் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர். சீனிவாச இராமானுசன் என்னும் அவ்விளைஞரின் குறிப்பேடுகளில் என்ன இருந்தது என்பதை உலகம் அன்று அறியாது.

அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் உலகக் கணித அறிஞர்களின் ஐந்தாம் பேரவை கூடியது. அதில் எட்மண்டு லாண்டவ் என்னும் செருமானியப் பேராசிரியர், பகா எண்களைப் பற்றிய நான்கு வினாக்களை முன்வைத்து, அன்றைய அறிவு நிலையில் அவை அணுக இயலாதவை என்றார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் பகா எண்கள் முடிவின்றி உள்ளனவா என்பது அவற்றுள் ஒன்று. அதே பேரவையில் ராபினோவிட்சு என்பவர் 41இன் மறைபொருளை விளக்கும் கட்டுரையை அளித்தார்.

அவர் கண்டதை இயன்றவரை எளிமையாகச் சொல்வோம். 12 என்னும் எண்ணை 2, 2, 3 என்று பகாக் காரணிகளாகப் பிரிக்கலாம். வேறு வழியில் பிரிக்க முடியாது. நம் அன்றாட எண்கள் அனைத்திற்கும் இவ்வொழுங்கு உண்டு. ஆனால் கணித அறிஞர்கள் மறை எண்களின் வர்க்கமூலங்களையும் சேர்த்து எண்களின் வீட்டை விரிவாக்கியபோது, சில வீடுகளில் இவ்வொழுங்கு குலைந்தது. மறை 5இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துக்கொண்ட வீட்டில், 6 என்னும் எண்ணை 2, 3 என்றும் பிரிக்கலாம். முற்றிலும் வேறான இரு காரணிகளாகவும் பிரிக்கலாம். எவ்வீட்டில் ஒழுங்கு நிலைத்திருக்கின்றது என்பதே பெரும் வினா. 41ஐ நான்கால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 163. மறை 163இன் வர்க்கமூலம் குடியிருக்கும் வீட்டில் அவ்வொழுங்கு குலையவில்லை. 41 நாற்பது முறை தவறாமல் பகா எண் தருவதும், அந்த வீட்டில் ஒழுங்கு நிலைப்பதும் ஒரே உண்மையின் இரு முகங்கள் என்று ராபினோவிட்சு நிறுவினார். ஏனைய ஐந்து எண்களுக்கும் இவ்வாறே 7, 11, 19, 43, 67 என்பவை துணை நிற்கின்றன. இவ்வாறும், 1, 2, 3 என்பனவும் சேர்ந்து ஒன்பது. இவ்வொன்பதுக்கு மேல் இல்லை என்று காவுசு என்னும் பேரறிஞர் 1801ஆம் ஆண்டிலேயே கருதினார், கருதினாரேயன்றி நிறுவினாரல்லர்.

துறைமுக எழுத்தரின் மடல்

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாளிட்டு, இராமானுசன் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அம்மடலில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைச் சரியாகக் காட்டும் சூத்திரத்தைக் கண்டுவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு கூற்று பிழையானது. அவர் நம்பிய அளவுக்கு அச்சூத்திரம் நுட்பமானதன்று என்பதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர். சிறிய எண்களுக்கு அது வியக்கத்தக்க அளவு பொருந்தியது. பெரிய எண்களின் போக்கை ஆளும் மறைவான காரணிகளை அது கணக்கில் கொள்ளவில்லை. இராமானுசனும் நாற்பது சாட்சிகளை நம்பிவிட்டார் என்று சொல்லலாம்.

இதைக் கூறுவதால் அவர் பெருமை குன்றாது. ஹார்டி அம்மடலைப் பிழைக்காகத் தள்ளவில்லை என்பதே நாம் நினைவில் கொள்ளவேண்டியது. முன்பின் அறியாத ஓர் எழுத்தரின் தாள்களில் பிழையையும் மேதைமையையும் ஒருங்கே கண்டு, ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை. 1914 மார்ச்சு 17ஆம் நாள் இராமானுசன் கப்பல் ஏறினார்.

அவ்வாண்டிலேயே வெளிவந்த அவருடைய கட்டுரையொன்றில், முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கும் விந்தை எண்கள் சில உள்ளன. ‘ஈ’ என்று கணிதத்தார் வழங்கும் மாறிலியை, 58இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கிவரும் அடுக்குக்கு உயர்த்தினால், விடை 24591257751.99999982 என வருகின்றது. 22க்கும் 37க்கும் இவ்வாறே அவர் காட்டினார். 58ஐ நீக்கி நம் 163ஐ அங்கு இட்டால், விந்தை இன்னும் பெரிது: 262537412640768743 என்ற எண்ணுக்குப்பின், புள்ளிக்கு வலப்புறம் பன்னிரண்டு ஒன்பதுகள் அணிவகுத்து நிற்கும். முழு எண் என்றே எவரும் மயங்குவர். ஆனால் அது முழு எண் அன்று. இந்த மயக்கத்திற்கும் 41இன் நாற்பது பகா எண்களுக்கும் வேர் ஒன்றே: மறை 163இன் வீட்டில் நிலைத்த ஒழுங்கு.

இங்கு ஒரு வரலாற்றுப் பிழையைத் திருத்துவது நம் கடமை. 163க்குரிய எண்ணை ‘இராமானுசன் மாறிலி’ என்று பலரும் வழங்குகின்றனர். அவ்வெண் இராமானுசனின் 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லை. ஹெர்மைட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859ஆம் ஆண்டிலேயே அதைக் கண்டிருந்தார். 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்டுனர், முட்டாள்கள் நாள் வேடிக்கையாக, அது முழு எண் என இராமானுசன் ஊகித்ததாகவும், அவ்வூகம் நிறுவப்பட்டதாகவும் ஓர் இதழில் எழுதினார். வேடிக்கை மறைந்தது, பெயர் நின்றுவிட்டது. நம் ஊர்ப் பெருமகன் ஒருவருக்குக் கிடைத்த புகழை நாமே மறுப்பதா என்று சிலர் வருந்தலாம். தமக்குரிய செல்வம் மலைபோல் குவிந்திருக்கும் ஒருவருக்கு இரவல் நகை எதற்கு?

கேட்பாரற்ற ஆசிரியர்

இராமானுசனுக்கு ஒரு ஹார்டி வாய்த்தார். குர்ட்டு ஹேக்னருக்கு வாய்க்கவில்லை. பெர்லின் நகரில் வானொலிப் பொறியாளராகவும் பள்ளி ஆசிரியராகவும் வாழ்ந்தவர் அவர். காவுசின் பட்டியலில் அந்த ஒன்பதுக்கு மேல் இன்னும் ஒன்று இருக்கலாம், ஒன்றுக்கு மேல் இருக்கவே முடியாது என்று 1934ஆம் ஆண்டில் நிறுவப்பட்டிருந்தது. அந்தப் பத்தாவது எண் உண்மையா, நிழலா என்று அறிஞருலகம் தவித்துக்கொண்டிருந்தபோது, 1952ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தெட்டாம் வயதையொட்டி, அது இல்லை என்பதற்கான நிறுவலை ஹேக்னர் வெளியிட்டார். அவர் கையாண்ட கருவிகள், இராமானுசனின் 1914ஆம் ஆண்டுக் கட்டுரை உலவிய அதே நிலத்தைச் சேர்ந்தவை. நிறுவலில் ஓட்டை இருப்பதாகக் கருதி அறிஞர்கள் அதை ஒதுக்கினர். 1965ஆம் ஆண்டு ஹேக்னர் மறைந்தார்.

அடுத்த இரண்டாண்டுகளுக்குள் இங்கிலாந்தின் பேக்கரும் அமெரிக்காவின் ஸ்டார்க்கும் தனித்தனி வழிகளில் அதே முடிவை நிறுவினர். பின்னர் 1969இல் ஸ்டார்க்கு, ஹேக்னரின் தாள்களை ஊன்றிப் படித்து, அந்த நிறுவல் அடிப்படையில் சரியானதே என்றும், இருந்த குறை எளிதில் நிரப்பத்தக்கதே என்றும் எடுத்துரைத்தார். இன்று அந்த ஒன்பது எண்களும் ஹேக்னர் எண்கள் என்றே வழங்குகின்றன. பெயர் வந்தது, கேட்கச் செவி இல்லை.

நாற்பது சாட்சிகள் சொன்னதால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது என்பது முதற்பாடம். பெயரற்ற ஒருவர் தனித்துச் சொன்னதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது என்பது இரண்டாம் பாடம். இரண்டாவதைக் கற்பது முதலாவதைக் கற்பதினும் கடினம் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

நுங்கம்பாக்கத்துத் துறவி

இவ்விரு பாடங்களையும் சென்னையில் வாழ்ந்து காட்டிய ஒருவரை இனி நினைவுகூர்வோம். பெர்த்ராம் அடிகளாரால் 1925இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கப்பட்ட லயோலா கல்லூரிக்கு, 1939ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார் அருட்தந்தை சார்லஸ் ரசீன், சே.ச. 1897இல் பிரான்சு நாட்டில் பிறந்து, பாரிசில் 1934இல் முனைவர் பட்டம் பெற்று, 1937இல் இந்தியா வந்தவர். ஐரோப்பாவின் முன்னணிக் கணித அறிஞர்கள் பலர் அவருடைய நண்பர்கள். அங்கேயே தங்கியிருந்தால் ஆய்வில் உயர்ந்திருக்கலாம். அவர் தேர்ந்துகொண்டது சென்னையின் வகுப்பறையை.

அந்நாளில் சென்னையில் கணிதக் கல்வி என்பது பெரும்பாலும் தேர்வுக்குரிய கடுங்கணக்குகளைத் திறமையாகச் செய்யும் பயிற்சியாகவே இருந்தது. கணக்கின் விடையைக் காட்டிலும் அதன் உள்ளமைப்பைக் காணும் புதிய கணிதத்தை ரசீன் அடிகளார் தம் மாணவர்க்கு அறிமுகம் செய்தார். 41இன் மறைபொருளை அவிழ்த்ததும் அத்தகைய பார்வையே என்பதை மேலே கண்டோம். வல்ல மாணவரைத் தம்மிடமே தேக்கி வைக்காமல், பம்பாயில் வளர்ந்துவந்த டாட்டா ஆய்வு நிறுவனத்திற்கு ஆற்றுப்படுத்தினார்.

அவ்வாறு சென்றவர்களின் பெயர்களைச் சொன்னாலே போதும். எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1953இல் பம்பாய் சென்றனர். 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயராலும் உலகெங்கும் வழங்குகின்றது. சென்னையில் பிறந்த சி. பி. இராமானுசம் 1957இல் சென்றார். எண் கோட்பாட்டில் அரிய முடிவுகளைத் தந்து, 1974இல் முப்பத்தாறு வயதிலேயே மறைந்தார். அவருக்கு அங்கு வழிகாட்டிய கே. ஜி. இராமநாதன், தாமும் லயோலாவில் முதுகலை பயின்றவர். இராமநாதன் தம் வாழ்வின் பிற்பகுதியில், சீனிவாச இராமானுசன் விட்டுச்சென்ற தாள்களுக்குத் திரும்பி, 1914ஆம் ஆண்டுக் கட்டுரையின் நிலத்தையே மீண்டும் உழுதார். துறைமுக எழுத்தர் நிறுவாமல் குறித்துவைத்த பலவற்றுக்கு, முறையான அடித்தளம் அதே நகரில் பயின்ற ஒருவரால் இடப்பட்டது.

சேஷாத்திரி 1984இல் சென்னைக்குத் திரும்பி, 1989இல் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கணிதக் கழகம் என்று பெயர்பெற்ற அப்பள்ளி, தியாகராய நகரில் கோபதி நாராயணசாமி செட்டி சாலையில், துணிக்கடை நெரிசலுக்குச் சற்று அப்பால் பல ஆண்டுகள் இயங்கியது. 2005இல் சிறுசேரிக்குப் பெயர்ந்தது. ரசீன் அடிகளார் 1976இல் மறைந்தார். அந்தப் பள்ளியை அவர் காணவில்லை.

லஸ் கோயில் சாலையில் ஒரு விருந்தினர்

மயிலையின் லஸ் பகுதியில், பிரகாச மாதா ஆலயத்தின் பெயரால் வழங்கும் சாலையில், அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்திலேயே அறிவியல் கருத்தரங்குகளை நடத்திவந்தார். அவற்றிலிருந்தே 1962 சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில் அது நிலைகொண்டது.

அவருடைய மைந்தர் கிருஷ்ணசாமி அல்லாடி, மயிலை விவேகானந்தா கல்லூரியில் இளநிலை மாணவராயிருந்தபோது ஓர் எண் வரிசையை ஆராயத் தொடங்கினார். ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்பதே வினா: 12க்கு இரண்டும் இரண்டும் மூன்றும் சேர்ந்து 7. தாம் கண்டவற்றை அவர் பால் எர்டாசு என்னும் அங்கேரியப் பேரறிஞருக்கு எழுதினார். 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா செல்லவிருந்த எர்டாசு, அம்மாணவரைக் காண்பதற்கென்றே தம் பயணத்தை மாற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977இல் வெளிவந்தது. ஹேக்னருக்குக் கிட்டாத செவி, மயிலையின் இருபது வயது நிரம்பாத மாணவருக்குக் கிட்டியது.

இன்னும் திறவாத கதவு

லாண்டவின் வினா என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1, 2, 4, 6, 10, 14, 16 ஆகியவற்றின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 2, 5, 17, 37, 101, 197, 257 எனப் பகா எண்கள் வருகின்றன. இவ்வரிசை எங்கேனும் நின்றுவிடுமா? நிற்காது என்றே அனைவரும் நம்புகின்றனர். 1923இல் ஹார்டியும் லிட்டில்வுட்டும், இத்தகைய பகா எண்கள் எவ்வளவு செறிவாக அமையும் என்பதற்கே ஒரு மதிப்பீடு தந்தனர். இன்றுவரை கணித்த யாவும் அதனோடு இசைந்தே செல்கின்றன. ஆய்லரின் கோவையிலும், ஒரு கோடிக்கு உட்பட்ட மதிப்புகளுள் ஏறத்தாழ 47.5 விழுக்காடு பகா எண்களே. 1978இல் போலந்து நாட்டவரான இவானியெட்சு, வர்க்கத்தோடு ஒன்று கூட்டிய எண்களுள், இரண்டுக்கு மேற்படாத பகாக் காரணிகளை உடையவை முடிவின்றி உள்ளன என்று நிறுவினார். கதவின் அருகில் வந்துவிட்டார், கதவு திறக்கவில்லை. ஒரே ஓர் இருபடிக் கோவையேனும் முடிவின்றிப் பகா எண்களைத் தரும் என்று இன்றளவும் எவரும் நிறுவவில்லை.

கோடிக்கணக்கான சாட்சிகள் ஒரே குரலில் பேசுகின்றன. ஆயினும் தீர்ப்பு எழுதப்படவில்லை. நம் மயிலையோடு மரபு வழியாகப் பிணைக்கப்பட்டுள்ள திருத்தூதர் தோமா, உடன் சீடர் பதின்மர் கூறியும் தாமே கண்டாலன்றி நம்பேன் என்றார். அதற்காக அவர் கூட்டத்தினின்று விலக்கப்படவில்லை; எட்டு நாள் அவர்களோடே இருந்தார். நம்பிக்கையோடும் ஐயத்தோடும் ஒரே கூரையின்கீழ்க் காத்திருக்கும் அந்த எட்டு நாள் வாழ்வைக் கணித அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்து வருகிறார்கள்.

ரசீன் அடிகளாரின் பெயரால் புகழ்பெற்ற தேற்றம் எதுவும் வழங்கவில்லை. அவர் மாணவர் பெயர்களால் வழங்குகின்றன. நம் பள்ளிகளில் இன்று கணிதம் கற்பிப்போர், விடை சரியா தவறா என்று குறியிடுவதோடு நின்றுவிடாமல், கடைசி இருக்கையில் தனியே ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தாளையும் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார்களாக. அதில் பிழை இருக்கலாம். பிழையோடு வேறொன்றும் இருக்கலாம்.